ஆயில் கறுத்தால் மாற்றியே ஆக வேண்டுமா? பைக்கின் டிப் ஸ்டிக் சொல்வதும் சொல்லாததும்!

சனிக்கிழமை காலை. மெக்கானிக் ஷாப் வாசலில் ஏழெட்டு வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. வந்தது பிரேக் ஷூ மாற்றவா, கிளட்ச் கேபிள் போடவா என்பதெல்லாம் அப்புறம். மெக்கானிக்கின் கை முதலில் எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன மூடியைத் திருகும். டிப் ஸ்டிக்கை உருவி வெளிச்சத்தில் காட்டுவார். அதன் நுனியில் கன்னங்கரேலென்று ஒரு சொட்டு.

“ஆயில் கறுத்துப்போச்சு சார், மாத்திடலாமா?”

இந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. பிள்ளைக்கு ஒரு டானிக் எழுதித் தரட்டுமா என்று டாக்டர் கேட்பதைப் போலத்தான் இதுவும். கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது, அப்போது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பதெல்லாம் பெரும்பாலானவர்களுக்கு நினைவிருக்காது. தலையை ஆட்டிவிட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

கேட்ட மெக்கானிக் ஏமாற்றுக்காரர் என்று அர்த்தமில்லை. அவர் தொழில் பழகிய காலத்தில் அதுதான் சரியான பழக்கம். ஆனால், கறுப்பு நிறத்தை மட்டும் வைத்து ஆயில் கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுத முடியாது. தேன் நிறத்தில் பளபளக்கும் ஆயிலை வைத்துக்கொண்டு நடு ரோட்டில் எஞ்சின் ஜாம் ஆன வண்டிகளும் உண்டு. அவற்றில் ஆயில் நன்றாகத்தான் இருந்திருக்கும், போதுமான அளவு இருந்திருக்காது.

ஒரு லிட்டர்... மூன்று வேலை!

காரில் எஞ்சின் ஆயிலுக்கு எஞ்சினை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில் இருக்கும். கியர் வைத்த நம்மூர் பைக்குகளில் அப்படி இல்லை. பிஸ்டன், கியர் பற்கள், கிளட்ச் பிளேட் என மூன்றையும் ஒரே ஆயில்தான் கவனிக்க வேண்டும். 100 சிசி வண்டியில் இருப்பதே சுமார் ஒரு லிட்டர்தான். உராய்வைக் குறைப்பது, சூட்டை இழுத்து வெளியே கொண்டுவருவது, உள்ளே சேரும் கரியைச் சுமப்பது எல்லாம் அந்த ஒரு லிட்டரின் பொறுப்பு.

நிறம் மாறுவது இந்தக் கரியால்தான். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் கரித்துகளில் கொஞ்சம், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயிலில் வந்து கலக்கும். சூட்டில் ஆயிலும் மெல்ல மெல்லப் பழுப்பேறும். கரி எஞ்சினுக்குள் படிந்துவிடாமல் இழுத்துத் தன்னிலேயே மிதக்கவிடுவதற்கென்றே ஆயிலில் சில ரசாயனங்களைச் சேர்த்திருப்பார்கள். துணி ஊறவைத்த சோப்புத் தண்ணீர் கறுத்துப் போனால், அழுக்கை நன்றாக இழுத்திருக்கிறது என்றுதானே சொல்வோம்? இங்கேயும் அதே கதைதான். புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டரிலேயே நிறம் மங்கத் தொடங்குவது சகஜம். ஆயில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஆயிலுக்கு வயதே ஆகாதா? ஆகும். ஆனால், அது கண்ணுக்குத் தெரியாமல் ஆகும். சேர்த்திருக்கும் ரசாயனங்கள் தீர்ந்துகொண்டே வரும். கியர் பற்களுக்கு நடுவே நசுங்கி நசுங்கி ஆயிலின் கெட்டித்தன்மையும் குறையும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பது, டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு விட்டு அது பரவுவதைப் பார்ப்பது எல்லாம் குத்துமதிப்பான சோதனைகளே. கப்பல், ரயில் எஞ்சின்களுக்கு ஆயில் மாதிரியை லேபுக்கு அனுப்பிச் சோதிப்பார்கள். ஒரு லிட்டர் ஆயிலுக்காக பைக்காரர் அதைச் செய்ய முடியாது. அந்தச் சோதனைகளை வண்டியை வடிவமைத்த கம்பெனி முன்கூட்டியே செய்து, இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம் என்று மானுவலில் எழுதிக் கொடுத்திருக்கிறது. சீட்டுக்கு அடியில் பாலிதீன் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கும் அதே புத்தகம்தான்!

எந்த நிறத்துக்குப் பயப்பட வேண்டும்?

கறுப்புக்குப் பயப்பட வேண்டாம், சரி. ஆனால், டிப் ஸ்டிக்கில் ஒட்டியிருப்பது பால் காபி போல வெளுத்திருந்தால் உடனே கவனிக்க வேண்டும். தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ரேடியேட்டர் வைத்த வண்டியாக இருந்தால் கூலன்ட் உள்ளே கசியலாம். தினமும் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டி நிறுத்தும் வண்டிகளில் எஞ்சின் முழுதாகச் சூடேறாது. அதனால் உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடுவதும் உண்டு. மூடியின் உள்பக்கத்தில் மட்டும் லேசாக வெண்மை தெரிந்தால் பெரும்பாலும் இந்த ஈரம்தான். ஆயில் முழுக்கவே வெளுத்திருந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே நல்லது.

அடுத்தது வாசனை. முகர்ந்தால் பெட்ரோல் நெடி மூக்கில் ஏறினால், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. கார்புரேட்டர் வண்டிகளில் ஃப்ளோட் சரியாக அடைக்காமல் இப்படி ஆகும். ஆயில் நீர்த்துப்போய்விடும். சும்மா நின்ற வண்டியில் ஆயில் அளவு ஏறியிருந்தால் ‘லாபம்’ என்று நினைத்துவிடக் கூடாது. பெட்ரோலோ தண்ணீரோ கலந்திருக்கிறது.

பழைய ஆயிலை வடிக்கும்போது அதில் ஜரிகைத் தூள் போல மினுமினுப்பு தெரிந்தால், எஞ்சினுக்குள் ஏதோ உலோகம் தேய்கிறது. புது வண்டியின் முதல் ஆயிலில் மட்டும் இது கொஞ்சம் இருக்கும். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் துகள்கள் அவை. இந்த அறிகுறிகளில் எது தென்பட்டாலும், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்ற வேண்டியதுதான். ஆனால், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த மாதமும் அதே கதைதான்.

சீக்கிரம் மாற்றினால் என்ன செலவு?

‘இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்திடணும்’ என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கணக்கு. அவர்கள் சொன்னதில் தப்பில்லை. பழைய தலைமுறை வண்டிகளுக்கும் அந்தக் கால மினரல் ஆயிலுக்கும் பொருந்திய கணக்கு அது. வண்டிகளும் ஆயிலும் மாறிவிட்டன, கணக்கு மட்டும் மாறவில்லை. அமெரிக்காவிலும் இதே கூத்து உண்டு. 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்ற பழக்கம் அங்கே கார்காரர்களிடம் ஊறிப்போக, ‘உங்கள் காருக்கு எத்தனை மைல் என்று முதலில் மானுவலில் பாருங்கள்’ என்று கலிஃபோர்னியா மாகாண அரசே பிரசாரம் செய்தது.

இன்றைய பைக்குகளில் பலவற்றுக்கு மானுவல் சொல்வது 5,000 அல்லது 6,000 கிலோமீட்டர். சில மாடல்களுக்கு 10,000. சில கம்பெனிகள் 6,000-ல் மாற்றச் சொல்லி, நடுவில் 3,000-ல் அளவு பார்த்துக் குறைந்ததை ஊற்றச் சொல்கின்றன. அந்த ‘டாப்-அப்’ விஷயத்தைத்தான் நிறைய பேர் முழு ஆயில் சேஞ்ச் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆயிலும் கூலியும் சேர்ந்து 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு என்று மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வருடத்தில் 6,000 கிலோமீட்டர் ஆகும். 2,000-க்கு ஒருமுறை மாற்றினால் 1,800 ரூபாய். மானுவல் 6,000 என்று சொல்லும் வண்டியென்றால் 600 ரூபாயில் முடிந்துவிடும். வருடத்துக்கு 1,200 ரூபாய் மிச்சம். பெரிய தொகை இல்லைதான்.

இதையே உணவு டெலிவரி செய்யும் இளைஞருக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் வருடத்துக்கு 31,200 கிலோமீட்டர். 2,000-க்கு ஒருமுறை என்றால் 15 தடவை, 9,000 ரூபாய். 6,000-க்கு ஒருமுறை என்றால் 5 தடவை, 3,000 ரூபாய். வித்தியாசம் 6,000 ரூபாய். பெட்ரோல், இ.எம்.ஐ. போக மிஞ்சுவதில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு இது சாதாரணத் தொகை அல்ல.

ஆனால், இங்கே ஒரு நியாயமும் இருக்கிறது. வண்டியின் மீட்டர் கிலோமீட்டரைத்தான் எண்ணும், எஞ்சின் ஓடிய நேரத்தை எண்ணாது. மணிக்குச் சராசரியாக 50 கிலோமீட்டரில் ஹைவேயில் போனால் 3,000 கிலோமீட்டரை 60 மணி நேரத்தில் கடந்துவிடலாம். சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று, சராசரி 20-க்கு இறங்கிவிட்டால் அதே தூரத்துக்கு 150 மணி நேரம் எஞ்சின் ஓடியிருக்கும். அதுவும் காற்று படாமல், நின்ற இடத்தில் கொதித்தபடி. அதனால்தான் தூசி அதிகமுள்ள இடம், கடும் டிராஃபிக், குறுகிய தூர ஓட்டம் என்றால் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றச் சொல்கிறார்கள். டெலிவரி வண்டிக்கு 6,000-ஐ 4,000 ஆக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். அப்போதும் வருடத்துக்கு 8 தடவை, 4,800 ரூபாய்தான் ஆகும். 2,000-க்கு இறங்க வேண்டிய அவசியமில்லை.

அடிக்கடி சர்வீஸுக்கு விடுவதில் இன்னொரு செலவும் இருக்கிறது. பில் ஆயிலோடு நிற்பதில்லை. ஆயில் டிரீட்மென்ட், எஞ்சின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், டெஃப்லான் கோட்டிங் என்று ஒவ்வொன்றாக ஏறும். ‘மானுவல் அட்டவணையில் இந்த கிலோமீட்டருக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்க’ என்று ஜாப் கார்டு எழுதும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். ‘ஃப்ரீ சர்வீஸ்’ என்ற வார்த்தையும் அப்படித்தான். பொதுவாக அதில் ஃப்ரீ என்பது கூலி மட்டுமே, ஆயிலுக்குக் காசு உண்டு.

முதல் சர்வீஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

சீக்கிரம் ஆயில் மாற்றுவதுதான் சரி என்று சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு. புது வண்டியின் முதல் சர்வீஸ். மாடலைப் பொறுத்து 500-லிருந்து 1,000 கிலோமீட்டருக்குள் வரும். பாகங்கள் பழகும்போது உதிர்ந்த உலோகத் துகள்கள் எல்லாம் அந்த முதல் ஆயிலில்தான் மிதக்கும். 100 சிசி வண்டிகள் பலவற்றில் காரில் இருப்பதுபோலப் பேப்பர் ஃபில்டர்கூட இருக்காது. ஒரு கம்பி வலையும், சுழன்று அழுக்கை ஒதுக்கும் சிறு அமைப்பும் மட்டும்தான். ‘ஆயில் நல்லாத்தானே இருக்கு’ என்று அந்தச் சர்வீஸைத் தள்ளிப்போடுபவர்கள், எஞ்சினுக்குச் செய்வதைவிடத் தங்கள் வாரன்ட்டிக்குச் செய்யும் கெடுதல் இன்னும் அதிகம். குறித்த கிலோமீட்டரில் அல்லது தேதியில், எது முதலில் வருகிறதோ அதில் சர்வீஸ் செய்யவில்லை என்றால் பின்னால் எஞ்சின் கோளாறுக்கு வாரன்ட்டி கேட்கும்போது சிக்கல் வரும்.

உண்மையான வில்லன்

எஞ்சின் வேலை வரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாலும் பழைய ஆயிலைவிடக் குறைந்த ஆயில்தான். எஞ்சின் ஓட ஓட ஆயில் கொஞ்சம் எரியும், ட்ரெய்ன் போல்ட் வழியாகவோ கேஸ்கெட் வழியாகவோ கசியும். மொத்தமே ஒரு லிட்டர் இருக்கும் இடத்தில் 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது என்று கணக்கு. சின்ன பைக்குகளில் பெரும்பாலானவற்றில் ஆயில் குறைந்தால் எரியும் விளக்கு கிடையாது. ஹெட்டில் டேப்பட் சத்தம் கூடும், கியர் இறுகும், சைலன்சரில் வெளிர் நீலப் புகை தெரியும். அதையும் கவனிக்காமல் ஓட்டினால் ஒரு நாள் வண்டி நின்றுவிடும். பிஸ்டன், ரிங், போர் வேலை என்று இறங்கினால் செலவு ஆயிரங்களில் போகும். பல வருட ஆயில் செலவை ஒரே பில்லில் கட்ட வேண்டியிருக்கும். வண்டி ஷாப்பில் கிடக்கும் நாட்களுக்கு வருமானமும் போச்சு.

இதைத் தடுக்க ஐந்து நிமிடம் போதும். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு தப்பாகத்தான் காட்டும். டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே விட்டு எடுத்தால், மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே ஆயில் இருக்க வேண்டும். பல மாடல்களில் டிப் ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்துத்தான் அளக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்பது மானுவலில் இருக்கும். சில வண்டிகளில் டிப் ஸ்டிக்குக்குப் பதில் சின்ன கண்ணாடி ஜன்னல் இருக்கும், குனிந்து பார்த்தால் போதும். அடிக்கடி குறைகிறது என்றால் எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

கூட இருந்தால் நல்லதுதானே என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். சீல் வழியே கசியும், ஏர் ஃபில்டர் வரை போய் நனைக்கும்.

வெள்ளத்தில் மூழ்கினால்...

சென்னைக்காரர்களுக்கு இந்தப் பாடம் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நன்றாகவே கிடைத்தது. தண்ணீர் வடிந்ததும் பலரும் செய்த முதல் காரியம், ‘ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்’ என்று கிக்கரை உதைத்தது. அதுதான் செய்யக் கூடாதது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துபோகும் அளவுக்கு அடி விழும். ஆயிலில் கலந்த தண்ணீர் எஞ்சின் முழுக்கப் பரவும். ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பார்த்து, ஆயிலை முழுக்க வடித்துப் புதிதாக ஊற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஆயில் மறுபடி வெளுத்தால் இன்னொரு தடவை மாற்ற வேண்டியிருக்கும். ஸ்கூட்டராக இருந்தால் பின் சக்கரத்துக்கான கியர் ஆயில் தனி, அதையும் மறக்கக் கூடாது. முந்தைய வாரம்தான் ஆயில் மாற்றியிருந்தாலும் சரி, இங்கே சிக்கனம் பார்க்க முடியாது.

கடையில் கவனிக்க வேண்டியவை

கேனில் இருக்கும் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்பதெல்லாம் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்பவை. ‘கெட்டி ஆயில் ஊத்தினா சத்தம் குறையும்’ என்று சொல்லி 10டபிள்யூ-30 கேட்கும் சின்ன எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், சத்தம் குறையலாம். கூடவே மைலேஜும் குறையும். அதே கேனில் ‘ஜாஸோ’ என்ற பெயருக்குப் பக்கத்தில் எம்.ஏ., எம்.ஏ.2 அல்லது எம்.பி. என்று இருக்கும். கார் ஆயிலின் வழவழப்பில் பைக்கின் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது என்பதால் ஜப்பானில் 1998-ல் கொண்டுவந்த தரம் இது. கியர் பைக்குக்கு எம்.ஏ. அல்லது எம்.ஏ.2, கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு எம்.பி. காருக்கு வாங்கி மிச்சமான ஆயிலை பைக்கில் ஊற்றும் அப்பாக்கள் கவனிக்கவும்!

சீல் பிரிக்காத கேனை உங்கள் எதிரில் திறக்கச் சொல்லுங்கள். காலியான கேனைக் கத்தியால் ஒரு கீறு கீறிவிடுங்கள், அதில் போலி ஆயில் அடைத்து விற்க முடியாது. வடித்த பழைய ஆயிலை செயினுக்கு ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. அதில் இருப்பதெல்லாம் எஞ்சினில் தேய்ந்த உலோகத் தூள், செயினை அரம் போல அறுக்கும். சென்ட்ரிங் பலகைக்குப் பூச, கரையானுக்கு ஊற்ற என்று வீட்டுக்கு எடுத்துப்போவதும் வேண்டாம். பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. சாக்கடையில் கொட்டினால் நேராக நிலத்தடி நீருக்குத்தான் போகும். மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஷாப்பிலேயே விட்டுவிடுவது நல்லது.

கிளம்பும் முன் மீட்டரை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டிப் ஸ்டிக் நுனியில் கறுப்புச் சொட்டைக் காட்டி ‘மாத்திடலாமா?’ என்று யாராவது கேட்டால், அந்த போட்டோவைத் திறந்து கழித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம்.